பென்டாக்ஸ் கே1000: அந்த ஒற்றை முள்ளோடு மூன்று வருடம்

இந்தக் கேமராவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: கல்லு மாதிரி உழைக்கும், பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும், கற்றுக்கொள்பவர்களுக்கு நல்லது. மூன்றும் உண்மைதான். ஆனால் ஆசையாக ஒன்றை வாங்கி, பிலிம் போட்டு, முதல் ரோலைக் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து பார்த்தால் பாதிப் படம் மங்கி, பாதிப் படம் வெளிறி வந்திருக்கும். அது ஏன் என்று அந்த மூன்று வரியில் இருக்காது. என் அனுபவத்தில் காரணம் பெரும்பாலும் கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரின் வலது ஓரத்தில், வெளிச்சத்தை அளந்து ஆடும் அந்தச் சின்ன முள்ளை நாம் படிக்கிற விதம்தான். மூன்று வருடமாக, மாதம் ஒரு ரோலுக்குக் குறையாமல் இதில் எடுத்துவருகிறேன். அதனால் இந்த விமர்சனத்தில் லென்ஸ் கூர்மை, உடம்பின் அழகு எல்லாம் ரொம்ப வராது. முள்ளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் கேமரா. பென்டாக்ஸைத் தயாரித்த அசாஹி ஆப்டிகல் நிறுவனம் 1975-ல் கே மவுன்ட்டோடு (லென்ஸ் மாட்டுகிற வாய்) கே2, கேஎக்ஸ், கேஎம் என்று மூன்று மாடல்களைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம், 1976-ல், அதே குடும்பத்தில் எல்லாவற்றையும் குறைத்து விலையையும் குறைத்து வந்ததுதான் கே1000. செல்ஃப் டைமர் கிடையாது, டெப்த் ஆஃப் ஃபீல்டு (எது முதல் எது வரை தெளிவாக வரும் என்பது) பார்க்கிற நெம்புகோல் கிடையாது, ஆட்டோ என்ற பேச்சே கிடையாது. 1997 வரை, இருபது வருடத்துக்கு மேல் தயாரிப்பில் இருந்து 30 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. இதில் மேனுவல் மோடு என்று தனியாக ஒன்றும் இல்லை, இருப்பதே அதுதான். ஷட்டர் 1 நொடியிலிருந்து 1/1000 வரை, கூட ஒரு பி (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும்). ஷட்டர் முழுக்க இயந்திர வேலை. பேட்டரி ஓட்டுவது வெளிச்சம் அளக்கும் மீட்டரை மட்டும்.

அந்த மீட்டர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் பின்னால் வரப்போகிற பாதிப் பிரச்சினை அதில்தான் இருக்கிறது. நாம் கண் வைக்கிற ஓட்டைக்குப் பக்கத்திலேயே உள்ளே, பிரிஸத்தை (காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் கண்ணாடி) ஒட்டி, இரண்டு காட்மியம் சல்ஃபைடு செல்கள். வெளிச்சம் கூடினால் அதன் மின்தடை குறையும், இருட்டானால் தடை ஏறும். லென்ஸ் வழியாக உள்ளே வந்து திரையில் விழுகிற மொத்தக் காட்சியையும் அவை பார்க்கின்றன. நடுவில் மட்டும் பார்ப்பது, ஓரத்தை விட்டுவிடுவது எல்லாம் இல்லை, முழுச் சட்டத்துக்கும் (ஃப்ரேமுக்கும்) ஒரு சராசரி. அந்தச் சராசரியோடு நீங்கள் போட்ட ஐஎஸ்ஓ (பிலிமின் வேக எண்), ஷட்டர் ஸ்பீடு, அப்பர்ச்சர் ரிங் (லென்ஸின் துளையைத் திறந்து சுருக்கும் வளையம், எண் ஏறினால் துளை சுருங்கும்) எங்கே நிற்கிறது என்பது மூன்றும் சேர்ந்து முள்ளை நகர்த்துகின்றன. முள் நடுப் பள்ளத்தில் நின்றால் சரி என்று அர்த்தம். மேலே ஏறினால் வெளிச்சம் அதிகம், கீழே இறங்கினால் போதாது. அவ்வளவுதான். எண் எதுவும் கிடையாது. நீங்கள் என்ன ஷட்டர் ஸ்பீடில் இருக்கிறீர்கள் என்றுகூட உள்ளே தெரியாது, கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் கையில் பிடித்து அந்த முள்ளை நகர்த்திப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அதற்காகவே நான் இதை வைத்திருக்கிறேன். காலை எட்டு மணி வெயிலில் ஒரு செங்கல் சுவரைப் பார்த்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கை லென்ஸுக்கு அடியில். அப்பர்ச்சர் ரிங்கை 5.6-லிருந்து 8-க்குத் திருப்பும்போது விரலில் 'டிக்' என்று ஒரு தட்டு, கூடவே முள் ஒரு மூச்சு விட்டதுபோல் கீழே இறங்கும். பாதித் தட்டில் நிறுத்தினால் அதுவும் பாதியில் நிற்கும். வலது கை ஆள்காட்டி விரலால் ஷட்டர் டயலை ஒரு படி திருப்பினால் அதே அளவு ஏறும். இப்படி ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் இரட்டிப்பாவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்) முள் எவ்வளவு தூரம் போகிறது என்று பத்து முறை பார்த்துவிட்டால், அப்புறம் எண்ணே தேவையில்லை, முள் பள்ளத்துக்குச் சற்று மேலே நின்றாலே "இது அரை ஸ்டாப்" என்று தெரிந்துவிடும். ஐஎஸ்ஓ போடுவதும் அதே டயலில்தான், வெளி வளையத்தைத் தூக்கிப்பிடித்துத் திருப்ப வேண்டும். புது ரோல் போட்டதும் முதல் வேலையாக இதைச் செய்யாமல் விட்டால் மீட்டர் முழுதும் தப்பாகப் பேசும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மதுரையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு முதல் மாதமே போனேன். காலை வெளிச்சம் பக்கவாட்டில் வர, தகரக் கொட்டகைக்கு அடியில் மல்லிகை மொட்டு குவியல் குவியலாகக் கிடந்தது. பிலிம் இல்ஃபோர்டு எச்பி5, கறுப்பு வெள்ளை, ஐஎஸ்ஓ 400. சட்டம் முழுக்க மல்லியை நிரப்பி, முள்ளை அப்படியே நடுவில் நிறுத்தினேன். ஷட்டர் 1/250, அப்பர்ச்சர் எஃப் 8. அன்று இருந்த சந்தோஷத்தில் ஏழெட்டுப் படம் எடுத்திருப்பேன். கழுவி வந்ததும் பார்த்தால் மொட்டெல்லாம் நேற்றைய பூ மாதிரி வாடிய சாம்பல் நிறம். வெள்ளையே இல்லை. மீட்டர் கெட்டுவிட்டது என்றே முதலில் நினைத்தேன்.

மீட்டர் கெடவில்லை. அதற்கு மல்லி என்றால் என்ன, வெள்ளை என்றால் என்ன என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே நிறம்: நடுத்தரச் சாம்பல். எதைக் காட்டினாலும் "இது நடுத்தரச் சாம்பலாக வர வேண்டும்" என்று வைத்துக்கொண்டுதான் கணக்குச் சொல்லும். மல்லிக் குவியலைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லி அதைச் சாம்பலாக்கும். வைகையில் படுத்திருக்கிற எருமையைச் சட்டம் நிறையக் காட்டினால், வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லி அதையும் சாம்பலாக்கும். எருமையையும் அப்படித்தான் எடுத்தேன். மேலெல்லாம் திருநீறு பூசியது போல எருமை, பின்னால் மணல் வெள்ளை வெளேரென்று எரிந்துபோய். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் முள் என்ன செய்கிறது என்று உள்ளங்கை நெல்லிக்கனியாக விளங்கியது.

அடுத்த முறை போனபோது அதே மல்லிக் குவியல், அதே நேரம். முள் நடுவுக்கு வந்தது மறுபடியும் 1/250, எஃப் 8-ல்தான். இந்த முறை அதை அங்கேயே விடாமல் ஷட்டரை 1/125-க்கு இறக்கி, ரிங்கை 8-க்கும் 5.6-க்கும் நடுவில் வைத்தேன். ஒன்றரை ஸ்டாப் கூடுதல். முள் மேலே போய் நின்று "அதிகம், அதிகம்" என்றது. எடுத்தேன். அந்த நெகட்டிவில் மொட்டுகளின் பச்சைக் காம்புக்கும் வெள்ளை இதழுக்கும் நடுவே இருக்கிற அந்த மெல்லிய நிழல் வரை பிடித்திருக்கிறது. அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஸ்கேன் செய்து அனுப்பும் படத்தை மட்டும் பார்த்து எக்ஸ்போஷரை (பிலிமில் விழுந்த வெளிச்சத்தின் அளவை) எடைபோடாதீர்கள். ஸ்கேனர் தானாகவே வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடும், உங்கள் தப்பு மறைந்துபோகும், அல்லது இல்லாத தப்பு தோன்றும். நெகட்டிவைக் கேட்டு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நிழல் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. கருமையாக, அடர்த்தியாக இருந்தால் கூடிவிட்டது. கூடினால் நெகட்டிவ் பிலிம் தாங்கிக்கொள்ளும், குறைந்தால் தாங்காது. சந்தேகம் வந்தால் நான் எப்போதும் கூட்டித்தான் வைப்பேன். ஸ்லைடு பிலிமுக்கு (நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமே வருகிற பிலிம்) இது நேர் எதிர், அங்கே அரை ஸ்டாப் கூடினாலே வெள்ளை விவரமில்லாமல் எரிந்துவிடும்.

அப்புறம் எங்கே அளப்பது? இந்த மூன்று வருடத்தில் என் வழக்கம் இப்படி ஆகிவிட்டது: எடுக்கப்போகிற காட்சியை முள்ளிடம் காட்டுவதே இல்லை. அதே வெளிச்சம் விழுகிற ஒரு நடுத்தரமான பொருளைத் தேடிக் காட்டுவேன். பழைய தார் ரோடு நல்லது. புதுசாகப் போட்ட கறுத்த ரோடு இல்லை, டயர் ஓடி ஓடிச் சாம்பலாகிப்போன ரோடு. வெயிலில் கிடக்கும் புல், பழைய சிமெண்ட் சுவர் எல்லாம் சரிதான். அங்கே முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதற்குமேல் எதையும் தொடமாட்டேன். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் வரட்டும், கறுப்புக் குடை பிடித்த அம்மா வரட்டும், முள் மேலும் கீழும் துள்ளட்டும், வெளிச்சம் மாறவில்லை என்றால் எக்ஸ்போஷரும் மாறாது. ஆட்டோ கேமரா இங்கேதான் ஏமாறும், ஒவ்வொருவர் வரும்போதும் ஒவ்வொரு மாதிரி மாற்றிவைக்கும். நம் ஊரில் மேகமில்லாத நாளில் காலை பத்திலிருந்து மூன்று வரை வெயில் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஒரு முறை பார்த்து வைத்துவிட்டால் மூன்று மணி நேரம் கண்ணை முழுக்க ஆட்களிடமே வைத்திருக்கலாம்.

பொருள் எதுவும் கிடைக்கவில்லை என்றால் உள்ளங்கை இருக்கிறது. காட்சியில் விழுகிற அதே வெளிச்சம் கையில் விழும்படி நீட்டி, சட்டம் நிறைய வைத்து, ஃபோகஸ் பற்றிக் கவலைப்படாமல் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும். கேமராவின் நிழல் கையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாநிறமோ கறுப்போ, எல்லாருடைய உள்ளங்கையும் கிட்டத்தட்ட ஒரே வெளுப்புதான், அதனால்தான் இந்த வழி வேலை செய்கிறது. முகத்தைப் பார்த்து அளப்பதில் மட்டும் கவனம் வேண்டும். முகத்தை அளந்து ஒரு ஸ்டாப் திற என்று சொல்வது வெளுத்த தோலை மனதில் வைத்துத்தான். நம்மவர் முகத்துக்கு அது ஒத்துவராது. மாநிறமான முகம் என்றால் முள் சொன்னபடியே வைக்கலாம், நல்ல கறுப்பு முகம் என்றால் அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்தால்தான் அந்தக் கறுப்பின் மினுமினுப்பு அப்படியே வரும். குறைக்காவிட்டால் தோல் வெளிறிச் சப்பென்று ஆகிவிடும். என் தாத்தாவை எடுத்த முதல் படத்தில் அவர் அவராகவே இல்லை, அதை இன்று நினைத்தாலும் வருத்தம்தான்.

எதிர் வெளிச்சம் இன்னொரு தலைவலி. அம்மா சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஜன்னலும் சட்டத்துக்குள் வருகிறது, அதனால் முள் உச்சிக்குப் போகிறது. அது சொன்னபடி வைத்தால் ஜன்னல் நன்றாக இருக்கும், அம்மா நிழலாகிவிடுவார். கிட்டே போய் அவர் முகமும் சேலையும் மட்டும் தெரியும்படி வைத்து முள்ளை நடுவில் நிறுத்தினேன். "என்னடா, மூஞ்சிகிட்ட வந்து நிக்கிற" என்றார். "ஒரு நிமிஷம்மா" என்று பின்னால் வந்து, எதையும் மாற்றாமல் எடுத்தேன். ஜன்னல் வெளியே எரிந்துவிட்டது, பரவாயில்லை, கையில் கீரைக்கட்டோடு அம்மா முழுசாக இருக்கிறார். முழுச் சட்டத்தையும் சராசரி பார்க்கிற மீட்டருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நடந்து கிட்டே போக வேண்டும், அவ்வளவுதான்.

திருமலை நாயக்கர் மகாலில் எடுக்கும்போது இன்னும் சிக்கல். நடு முற்றத்தில் கொளுத்துகிற வெயில், சுற்றிலும் அந்தப் பெரிய தூண்களுக்குப் பின்னால் நிழல். ஐஎஸ்ஓ 400-ல் முற்றத்துக்கு 1/500, எஃப் 16. தூணுக்குப் பின்னால் நிழலுக்கு 1/60, எஃப் 5.6. ஆறு ஸ்டாப் இடைவெளி. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் முள் நடுவில் எதையோ சொல்லும், அதில் வெயிலும் சரியாக வராது, நிழலும் சரியாக வராது. அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்செல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த ஸோன் முறையிலிருந்து (கறுப்பு முதல் வெள்ளை வரை படிகளாகப் பிரித்து எக்ஸ்போஷர் வைப்பது) ஒரு சின்னப் பாடத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எந்த நிழலில் விவரம் தெரிய வேண்டுமோ அதைத் தனியாகக் காட்டி அளந்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைப்பது. 1/60, எஃப் 5.6 என்று வந்தால் 1/125, எஃப் 8. நிழல் நிழலாகவே இருக்கும், ஆனால் தூணின் சுதை வேலைப்பாடு உள்ளே தெரியும். வெயில் பக்கத்தைப் பிலிம் பார்த்துக்கொள்ளும்.

இனி இந்தக் கேமராவின் மீட்டரிடம் எனக்குள்ள குறைகள்.

முதலாவது, கண் வைக்கிற ஓட்டை வழியாகப் பின்னாலிருந்து வருகிற வெளிச்சம். செல்கள் அங்கேயே இருப்பதால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும். நான் கண்ணாடி போடுகிறவன், கண்ணுக்கும் ஓட்டைக்கும் நடுவில் எப்போதும் இடைவெளி இருக்கும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் முள் முக்கால் ஸ்டாப் வரை மேலே போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதை நம்பிக் குறைத்தால் படம் இருண்டுவிடும். இப்போதெல்லாம் அளக்கும்போது இடது கையை எடுத்துக் கண்ணுக்குப் பக்கவாட்டில் மறைத்துக்கொள்கிறேன். முள் உடனே இறங்குவது கண்ணெதிரே தெரியும். கண்ணாடி போடுகிறவர்கள் இதை ஒரு முறை செய்து பாருங்கள்.

இரண்டாவது, காட்மியம் சல்ஃபைடு செல்லின் மந்தம். பளீரென்ற வெயிலைப் பார்த்துவிட்டு உடனே மண்டபத்துக்குள் நுழைந்தால் பார்த்த வெயில் இன்னும் அதன் நினைவில் இருக்கும், முள் சட்டென்று நிலைக்கு வராது. நம் கண்ணுக்குப் பழக நேரம் எடுப்பது போலத்தான். உள்ளே போனதும் ஒரு நிமிடம் பொறுத்து அளப்பது என் வழக்கம். அதோடு, ரொம்ப மங்கின வெளிச்சத்தில் இந்த மீட்டர் உதவாது. ஐஎஸ்ஓ 400, எஃப் 2 லென்ஸ், வேகம் 1/15-க்குக் கீழே என்று போனால் முள்ளை நான் நம்புவதில்லை. நம்ப நினைத்தாலும் கறுப்பு முள் இருட்டுப் பின்னணியில் கண்ணுக்கே தெரியாது, உள்ளே விளக்கு கிடையாது. வீட்டில் இரவு ட்யூப்லைட் வெளிச்சம் வரை பரவாயில்லை.

மூன்றாவது, ஆன் ஆஃப் சுவிட்ச் இல்லை. மீட்டர் எந்நேரமும் விழித்தே இருக்கும். லென்ஸ் மூடியைப் போட்டால்தான் இருட்டில் செல்லின் தடை ஏறி மின்சாரம் ஏறக்குறைய நின்றுபோகும், ஆகவே மூடிதான் சுவிட்ச். அக்கா மகள் காதுகுத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தோம். பையை மேசையோரம் திறந்தே வைத்திருந்த நாட்களில் மூடி எப்போதோ கழன்றிருக்கிறது. அங்கே போய்க் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தால் முள் அடியில் படுத்துக்கிடக்கிறது, எழுந்திருக்கவே இல்லை. சுற்றிலும் பத்து கிலோமீட்டருக்குக் கடை இல்லை. அன்றைக்குக் கைகொடுத்தது வெயில் 16 கணக்குதான். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் ஸ்பீடு பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில், அதாவது 400-க்கு 1/500. வேப்பமர நிழலில் அதிலிருந்து மூன்று ஸ்டாப் திறந்து 1/250, எஃப் 8. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை வீறிட்டு அழுகிற படம் அந்த ரோலில்தான் இருக்கிறது, எக்ஸ்போஷரில் ஒரு குறை சொல்ல முடியாது. மீட்டர் செத்தும் படம் எடுக்க முடிந்தது என்பது கேமராவின் பலம், மறுப்பதற்கில்லை. ஆனாலும் மூடியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பர்சில் ஒரு பட்டன் செல்லும் இருக்கட்டும்.

பேட்டரி விஷயத்தில் இதை வாழ்த்தத்தான் வேண்டும். எல்ஆர்44 பட்டன் செல் ஒன்று போதும், வாட்ச் கடை எல்லாவற்றிலும் கிடைக்கும். அதே அளவிலான எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு செல் கிடைத்தால் அதையே போடுங்கள். அது கடைசி வரை 1.55 வோல்ட்டை விடாமல் பிடித்து, தீரும்போது சட்டென்று தீரும். எல்ஆர்44 அல்கலைன், அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், தவிர வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் கசியும். ஒலிம்பஸ் ஓஎம்-1 மாதிரி அந்தக் காலத்துக் கேமராக்கள் பல 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. அந்த பேட்டரியே இப்போது சந்தையில் இல்லை, வேறு ஏதாவது போட்டால் அளவு பிசகும். கே1000-ல் அந்தத் தொல்லை கிடையாது.

கசிவு என்றதும் என்னுடையதன் கதை. ஆன்லைனில் தெரியாத ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். "மீட்டர் வொர்க்கிங்" என்று போட்டிருந்தார். வந்ததும் அடிமூடியைக் காசு வைத்துத் திருகித் திறந்தால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு. புது செல் போட்டால் முள் ஆடும், நிற்கும், மறுபடி ஆடும். இங்கே டவுனில் முப்பது வருடத்துக்கு மேலாகக் கேமரா பார்க்கிற மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். வினிகரில் பஞ்சைத் தொட்டுக் களிம்பை எடுத்து, மெல்லிய உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்து, உள்ளே அரித்துப்போயிருந்த ஒயரை மாற்றினார். "தம்பி, ஆடுது ஆடுதுன்னு பாக்காத. எவ்வளவு ஆடுதுன்னு பாரு" என்றார். அளக்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

அவர் சொன்ன முறை இது. ஒரே நிறச் சுவர் ஒன்றைப் பிடியுங்கள். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, வீட்டுக்குள் ட்யூப்லைட்டில் ஒன்று, மூன்று இடத்திலும் சுவரை மட்டும் சட்டம் நிறைய வைத்து முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து என்ன வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே சுவரை நம்பகமான டிஜிட்டல் கேமராவிலோ போனில் உள்ள மீட்டர் ஆப்பிலோ அளந்து பக்கத்தில் எழுதுங்கள். என்னுடையது மூன்று இடத்திலும் தேவைக்கு ஏறக்குறைய முக்கால் ஸ்டாப் குறைவாகவே வெளிச்சம் கொடுக்கச் சொன்னது. மூன்றிலும் ஒரே அளவு பிசகு என்றால் கவலையில்லை, ஐஎஸ்ஓ டயலிலேயே சரிக்கட்டிவிடலாம். 400 பிலிம் போட்டால் நான் டயலில் 200-க்கு அடுத்த புள்ளியில், அதாவது 250-ல், வைக்கிறேன். அது பழகிவிட்டது. வெயிலில் சரியாகச் சொல்லி நிழலில் மட்டும் இரண்டு ஸ்டாப் தள்ளிச் சொன்னால் அதை டயலால் சரிசெய்ய முடியாது, உள்ளே திறந்துதான் பார்க்க வேண்டும். அந்த மாதிரி ஒன்றை வாங்காமல் விடுவது நல்லது.

மற்ற கேமராக்களோடு ஒப்பிட்டால்? கேனன் ஏஇ-1-ஐ நண்பன் ஒருவனிடம் வாங்கி இரண்டு ரோல் எடுத்தேன். அருமையான கேமரா, ஆனால் ஷட்டர் ஸ்பீடை நாம் வைக்க அப்பர்ச்சரை அது வைப்பதற்காகவே செய்யப்பட்டது. மேனுவலில் போட்டால், ஆட்டோவில் கேமரா எந்த அப்பர்ச்சரை வைத்திருக்கும் என்பதை மட்டும் முள் காட்டும். நீங்கள் ரிங்கைத் திருப்பினால் அது அசையாது. பார்த்து, கண்ணை எடுத்து, அந்த எண்ணை ரிங்கில் வைக்க வேண்டும். முழுக்க மேனுவலில் எடுக்க நினைப்பவருக்கு இது தேவையில்லாத சுற்று. நிக்கான் எஃப்எம் 1977-ல் முள்ளுக்குப் பதில் மூன்று சிவப்பு விளக்குகளோடு வந்தது. இருட்டில் அதுதான் ராஜா, ஷட்டர் ஸ்பீடும் உள்ளேயே தெரியும். ஆனால் விளக்கு இருக்கும் அல்லது இருக்காது, எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பதை முள் சொல்வது போல் அது சொல்லாது. மல்லிக்கு ஒன்றரை ஸ்டாப் கூட்டும்போது முள் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது குறையாகத்தான் தெரிகிறது. இரவு நேரத்து வேலையே அதிகம் என்றால் எஃப்எம் வாங்குங்கள். பகலில் ஆட்கள், தெரு, திருவிழா என்றால் நான் கே1000-ஐத்தான் சொல்வேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: கையில் ஒரு புது எஸ்ஆர்44 கொண்டுபோங்கள், விற்பவர் போட்டு வைத்திருக்கும் செல்லை நம்பாதீர்கள். அடிமூடியைத் திறந்து களிம்பு பாருங்கள், திருகு வழுக்காமல் இறுகுகிறதா என்றும் பாருங்கள். லென்ஸைக் கையால் மெதுவாக மூடித் திறந்தால் முள் தடங்கலில்லாமல் இறங்கி ஏற வேண்டும். நடுவில் எங்காவது ஒட்டி நின்று பிறகு துள்ளினால் வேண்டாம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பியும் அதையே செய்து பாருங்கள், சிலவற்றில் முள் அப்போதுதான் ஒட்டும். ஐஎஸ்ஓ வளையத்தைத் தூக்கித் திருப்பும்போதும், அப்பர்ச்சர் ரிங்கை முழுக்க ஒரு சுற்று ஓட்டும்போதும் முள் கூடவே வர வேண்டும். 1 நொடி ஷட்டரைக் காது கொடுத்துக் கேளுங்கள், இழுத்துக்கொண்டு போனால் துடைத்து எண்ணெய் போடுகிற செலவு உண்டு. லென்ஸ் பென்டாக்ஸ் எம் 50 மில்லிமீட்டர் எஃப் 2 கூட வந்தால் போதும், அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. லென்ஸ் மூடி இருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள். இல்லை என்றால் 49 மில்லிமீட்டர் மூடி ஒன்றைத் தனியாக வாங்கி, அன்றைக்கே போட்டுவிடுங்கள்.